பில்லில் ‘ப்யூர் ஜரி’, இழையில் செம்பு: ஒரு பட்டுச்சேலைத் தகராறு தீர்ந்த விதம்

சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், வேலூர்க் குடும்பம் ஒன்று நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டுச்சேலை இது. விலை ரூ. 40,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் ரூ. 2,000, ஆக மொத்தம் ரூ. 42,000. பணம் யுபிஐயில் போனது. பில்லில் ‘காஞ்சி சில்க் ப்யூர் ஜரி’ என்று இருந்தது. சேலையில் சில்க் மார்க் சீட்டும் தொங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், பட்டு அசல், ஜரிகை மட்டும் செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் பூசிய ஹாஃப் ஃபைன் ரகம். கடையோ ‘மாற்றித் தருவோம், பணம் தர மாட்டோம்’ என்றது. கடைசியில் பணம் திரும்பி வந்தது.

இதை ஒரே குடும்பத்தின் வழக்காகப் படிக்க வேண்டாம். இந்த வகைத் தகராறுகளில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களை ஒரு சேலையின் மேல் வைத்துத் தொகுத்திருக்கிறோம். சேலையின் விலையும் சோதனை அளவுகளும் மாதிரிக்காகத் தரப்பட்டவை. சட்டப் பிரிவுகளும் காலக்கெடுக்களும் கட்டணமும் இன்று நடைமுறையில் உள்ளவை.

கடை சொன்னது என்ன

இப்படிப்பட்ட தகராறில் பலரும் ‘சேலை மட்டம்’ என்று சண்டையை ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே வழக்கு பாதி தோற்றுவிடுகிறது. மட்டமா உயர்வா என்பது கருத்து. கடை எழுதிக் கொடுத்ததும் கையில் இருக்கும் பொருளும் ஒன்றா என்பதைத்தான் காகிதத்தில் நிரூபிக்க முடியும். அதனால் முதல் வேலை ஜரிகையைச் சுரண்டுவது அல்ல, கடை எங்கெங்கே என்ன சொன்னது என்று சேர்ப்பது.

இந்தச் சேலைக்கு அது மூன்று இடத்தில் கிடைத்தது. ஒன்று பில். இரண்டு, சேலையில் கட்டியிருந்த விலைச்சீட்டு. அதில் பார்கோடுக்குக் கீழே ‘பி.ஜரி’ என்ற சுருக்கம் இருந்தது. மூன்று, கடைக்குப் போவதற்கு முந்தைய நாள் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. ‘ப்யூர் ஜரி மேடம், கேரண்டி. நாளைக்கு வந்தா எடுத்து வைக்கிறேன்’ என்ற குரல் செய்தி அதோடு வந்தது. கடைசியில் வழக்கை நிமிர்த்தியது இந்த வீடியோதான். ஏன் என்று பிறகு வருகிறோம்.

பில்லில் ‘சில்க் சாரி 1 எண்’ என்று மட்டும் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. அப்படியானால் சேலை எடுக்கும்போதே ‘ப்யூர் ஜரின்னு பில்லுல போட்டுக் குடுங்க’ என்று கேட்க வேண்டும். போட மறுக்கும் கடை அந்த மறுப்பிலேயே பதில் சொல்லிவிட்டது. பில்லில் இருக்கும், வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீட்டையும் ஒரு பார்வை பார்க்கலாம். 5007 என்றால் பட்டுத் துணி, 5407 என்றால் செயற்கை இழைத் துணி. பட்டு என்று விற்றுவிட்டு 5407 என்று பில் போட்ட கடையோடு வாதாட வேறு எதுவும் வேண்டியதில்லை. இந்த வழக்கில் குறியீடு 5007. பட்டு உண்மைதான் என்பதால் அங்கே தகராறு இல்லை.

சில்க் மார்க் எதற்குச் சாட்சி

முதல் முறை கேட்டபோது மேற்பார்வையாளர் சொன்ன பதில் எல்லாக் கடைக்கும் பொது: ‘மேடம், சில்க் மார்க் இருக்கே, அப்புறம் என்ன டவுட்?’

மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004ல் வந்த சில்க் மார்க், துணி இயற்கைப் பட்டால் ஆனது என்பதற்கு மட்டும் உறுதி. ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா, எவ்வளவு என்று அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கைத்தறி முத்திரையும் அப்படித்தான். அது கைத்தறியில் நெய்தது என்பதற்கு, ஜரிகைக்கு அல்ல. வாங்குபவர் ஹோலோகிராம் சீட்டைப் பார்த்ததும் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறார். விற்பவரும் திருத்துவதில்லை.

ஆனால் அந்தச் சீட்டை எறிந்துவிடக் கூடாது. அதில் தனி எண் இருக்கிறது. ‘இந்தச் சேலை எங்க கடைச் சேலையே இல்லை’ என்று பிறகு சொல்லும்போது அந்த எண் பேசும்.

ஜரிகையில் என்ன இருக்க வேண்டும்

‘ப்யூர்’ என்றால் சுத்த வெள்ளிக் கம்பி என்று நினைப்பவர்கள் நிறைய. காஞ்சிபுரத்தில் அசல் ஜரிகை என்பது, சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் ஏற்றியது. வெள்ளியோடு செம்பும் சேரும். கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஜரிகை வழங்கும் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தின் விகிதமாக அரசுக் குறிப்புகளில் வந்தது: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. இதைவிட வெள்ளி கூடிய ஜரிகையும் உண்டு. ஆகவே ‘செம்பு இருக்கிறது, போலி’ என்று எழுதினால் கடையின் வக்கீல் ஒரே வரியில் அடித்துவிடுவார். கேள்வி செம்பு இருக்கிறதா என்பது அல்ல. வெள்ளி எங்கே என்பது.

விலை ஏன் இதில் தொங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஜரிகை வியாபாரத்தில் எடை ‘மார்க்’ கணக்கில் பேசப்படும். ஒரு மார்க் ஏறத்தாழ 242 கிராம். ஒரு சேலைக்கு முக்கால் மார்க், அதாவது சுமார் 180 கிராம் ஜரிகை ஓடியிருந்தால், மேலே சொன்ன விகிதத்தில் 72 கிராம் வெள்ளியும் 0.9 கிராம் தங்கமும் அதில் இருக்க வேண்டும். பழைய பட்டுச்சேலையை எடைபோட்டு வாங்குபவர்கள் பணம் தருவது இதற்காகத்தான். ஹாஃப் ஃபைனில் இது காணாமல் போகிறது. சேலை அழகாகவே இருக்கும், உடுத்தலாம், பத்து வருடத்தில் கறுக்கலாம். அதை ஹாஃப் ஃபைன் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் யாருக்கும் குறை இல்லை. அதே கடையில் அதே டிசைன் ஹாஃப் ஃபைன் ஜரிகையில் ரூ. 16,500க்கு இருந்தது. வாடிக்கையாளர் அந்த விலைச்சீட்டையும் போட்டோ எடுத்து வைத்தார். நல்ல வேலை செய்தார்.

வீட்டில் செய்யும் சோதனை சந்தேகத்தை உறுதிப்படுத்த உதவும், வழக்குக்கு உதவாது. ரவிக்கைப் பகுதியின் ஓரத்தில், பிரிந்து நிற்கும் ஜரிகை இழை ஒன்றில் இரண்டு சென்டிமீட்டர் போதும். நகத்தால் உலோகத்தை உருவினால் உள்ளே இழை தெரியும். வெள்ளையாக இருந்தால் பருத்தியோ பாலியஸ்டரோ என்று சந்தேகிக்கலாம். சிவப்பாக இருந்தாலும் நிம்மதி கொள்ளாதீர்கள், போலியிலும் சிவப்பு பாலியஸ்டர் வருகிறது. அந்த உள்ளிழையைக் கொளுத்தினால் பட்டு முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நொறுங்கும் கரியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இந்தச் சேலையில் உள்ளிழை சிவப்பு, கொளுத்தினால் மணி.

அடுத்தது எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோக விகிதத்தை அளக்கும் கருவி. நகைக்கடை வட்டாரத்தில் இருக்கும் அதே கருவிதான். சேலை சேதமாகாது, சில நிமிட வேலை. இதில் மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. கருவியைத் தங்கத்துக்கான அமைப்பிலேயே வைத்து அளந்தால் எண்கள் கோணலாக வரும், வெள்ளி-செம்பு அமைப்பில் அளக்கச் சொல்ல வேண்டும். இழை மெல்லியது என்பதால் ஜரிகை அடர்ந்த பார்டரை நாலைந்து மடிப்பாக வைத்து அளக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: கருவி உலோகத்தை மட்டும் பார்க்கும், பட்டு அதன் கண்ணில் படாது. ஆகவே 40 சதவீத வெள்ளி உள்ள ஜரிகையைக் கருவியில் வைத்தால் 40 என்று காட்டாது. 76 பங்கு உலோகத்தில் 40 பங்கு, அதாவது சுமார் 52.6 சதவீதம் வெள்ளி, 46.7 செம்பு, 0.66 தங்கம் என்று காட்ட வேண்டும். இதை அறியாமல், 45 என்று வந்த சீட்டைப் பார்த்து ‘40க்கு மேல இருக்கே’ என்று திரும்பி வந்தவர்களும் உண்டு.

இந்தச் சேலையில் வந்தது செம்பு 94, வெள்ளி 5க்குச் சற்று மேல், தங்கம் சுவடு. மேல் முலாமைக் கருவி கொஞ்சம் தூக்கலாகவே காட்டும் என்பதால் உண்மையில் வெள்ளி இன்னும் குறைவாகத்தான் இருக்கும். வாதத்துக்கு இடமில்லாத இடைவெளி. வெள்ளி 48 என்று வந்திருந்தால் கடையோடு சமாதானமாகப் பேசுவதே புத்திசாலித்தனம்.

தொடக் கூடாதவை

சந்தேகம் வந்ததும் சேலையை மடித்து வைத்துவிட வேண்டும். ஃபால்ஸ் தைக்கக் கூடாது, ஓரம் அடிக்கக் கூடாது, முந்தியில் குச்சு கட்டக் கூடாது, ரவிக்கைத் துணியை வெட்டக் கூடாது. 1930ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் பிரிவு 15, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. பொருந்தாவிட்டால் நிராகரிக்கலாம். ஆனால் பிரிவு 42ன்படி, உரிமையாளர் போலப் பொருளைக் கையாண்டாலோ, நியாயமான காலம் தாண்டியும் நிராகரிப்பைச் சொல்லாமல் வைத்திருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிறகு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்ட ஈடு மட்டும் மிஞ்சும். ரவிக்கை தைத்துப் போட்ட பிறகு வருபவர்களுக்கு முழுப் பணம் கிடைக்காமல் விலை வித்தியாசத்தில் வந்து முடிவது இதனால்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு வேறு சேலை கட்டினார்கள். வீட்டில் மனக்கசப்புதான். ஆனால் அன்று கட்டியிருந்தால் மேடைப் போட்டோவே கடைக்குச் சாட்சியாகியிருக்கும்.

கடையில் நடந்தது

வாங்கிய இரண்டாவது வாரம் கடைக்குப் போனார்கள். நான்கு பதில்கள் வரிசையாக வந்தன. இந்த வரிசையே ஏறக்குறைய எல்லாக் கடையிலும் வரும்.

முதலில் சில்க் மார்க். அடுத்து பில்லின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’. பிடிக்கவில்லை, நிறம் ஒத்துவரவில்லை என்று போனால் அந்த வரி நிற்கும். சொன்னதும் கொடுத்ததும் வேறு என்றால் நிற்காது. 2019ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘குறைபாடு’ என்பதற்கு பிரிவு 2(10) தரும் விளக்கம் அகலமானது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ, வியாபாரி எந்த விதத்திலாவது கூறிக்கொண்டபடியோ இருக்க வேண்டிய தரம், அளவு, தூய்மை குறைந்தால் அது குறைபாடு. ‘கூறிக்கொண்டபடி’ என்பதில்தான் விலைச்சீட்டும் வாட்ஸ்அப் குரலும் உள்ளே வருகின்றன. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, பிரிவு 2(47)ன்படி நேர்மையற்ற வணிக முறை. பில்லில் காலம் குறிக்கவில்லை என்றால் அதற்குக் கெடு 30 நாள்.

மூன்றாவது பதில், ‘பில் போட்டாச்சு, ஜிஎஸ்டி கட்டியாச்சு, இனிமே பணம் தர சிஸ்டமே விடாது’. இது வெறும் சாக்கு. சரக்கு திரும்பி வந்தால் விற்றவர் கிரெடிட் நோட் (பில் தொகையைத் திருப்பி வரவு வைக்கும் சீட்டு) போட்டு வரியைச் சரிக்கட்டிக்கொள்ள மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அதற்கு அவகாசம் இருக்கிறது. ‘கிரெடிட் நோட் போடுங்க சார்’ என்று வாடிக்கையாளர் சொன்னதும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டாலும் கணக்குப் பிரிவுக்குத் தெரியும்.

நான்காவதுதான் ஆபத்து: ‘சேலையைக் குடுத்துட்டுப் போங்க, எங்க ஆளை விட்டு டெஸ்ட் பண்ணிச் சொல்றோம்.’ சேலையைக் கொடுத்துவிட்டால் வழக்கே கடையின் கையில். வேறு சேலை திரும்பி வரலாம், ‘நீங்க கொண்டு வந்தது இதுதான்’ என்று முடியலாம். அவர்கள் கொடுக்கவில்லை. உங்கள் ஆளை எங்கள் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பில் எண், சில்க் மார்க் எண், கிராமில் எடை, நிறம், பெற்ற தேதி, எதற்காகப் பெற்றது என எல்லாம் எழுதி, கடை முத்திரையோடு ரசீது வாங்க வேண்டும். மாற்றுக் கூப்பன் கொடுத்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்க வேண்டும். ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி அநேகமாக அதில் இருக்கும்.

கடிதம்

அன்றைக்கே அங்கிருந்தபடி கடையின் மின்னஞ்சலுக்கும் விற்பனையாளரின் வாட்ஸ்அப்புக்கும் நாலு வரி போனது. மறுநாள் ஒப்புகையுடன் தபால். வழக்குக்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நிராகரித்த தேதிக்கு அதுவே ஆதாரம். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதும் இல்லை. சாரம் இப்படி:

‘இன்ன தேதி இன்ன எண் பில்லில் தங்களிடம் ரூ. 42,000க்கு வாங்கிய பட்டுச்சேலை, பில்லிலும் விலைச்சீட்டிலும் ப்யூர் ஜரி என விவரிக்கப்பட்டது. இணைப்பில் உள்ள சோதனைச் சீட்டின்படி ஜரிகையின் உலோகத்தில் வெள்ளி சுமார் 5 சதவீதமே. பொருள் விவரத்துக்குப் பொருந்தாததால் இதை நிராகரிக்கிறேன். சேலை உடுத்தப்படாமல், தைக்கப்படாமல், சீட்டுகளுடன் இருக்கிறது. தங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். முழுத் தொகையையும் சோதனைக் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் என் கணக்குக்கு அனுப்ப வேண்டும். மாற்றுப் பொருளோ கூப்பனோ ஏற்பதற்கில்லை.’

‘ஏமாற்றுக்காரர்கள்’, ‘மீடியாவுக்குப் போவேன்’ போன்ற சொற்கள் இல்லாததைக் கவனியுங்கள். நாளை இதை நுகர்வோர் ஆணையத்தில் படிக்கப்போகிறார்கள். ‘நிராகரிக்கிறேன்’ என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 43ன்படி, நிராகரித்ததைத் தெரிவித்தால் போதும், பொருளை வாங்கியவரே சுமந்துபோய்ச் சேர்க்க வேண்டிய கடமை இல்லை.

பதினைந்து நாள் மௌனம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவானது. உதவி மையத்துக்குக் கடைக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது, புகாரை அனுப்பிப் பதில் கேட்கும், அவ்வளவுதான். இருந்தும் கடையின் கணக்குப் பிரிவிலிருந்து முதல் போன் வந்தது அதற்குப் பிறகே: ரூ. 25,000க்குக் கூப்பன், சேலையையும் வைத்துக்கொள்ளலாம். விலை வித்தியாசம் ரூ. 23,500 என்று பார்த்தால் கணக்கில் மோசமான பேரம் இல்லை. அவசரத் தேவையுள்ளவர் எடுத்துக்கொண்டிருந்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கூப்பன் என்பது அதே கடையிலேயே மறுபடியும் செலவழிக்கும் கட்டாயம். வேண்டாம் என்றார்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இந்த இடத்தில் இன்னொரு வழி இருந்திருக்கும். விவரித்தபடி பொருள் இல்லை என்ற காரணத்தில் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கடைக்குப் போன பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி கேட்கலாம், பொதுவாக 120 நாட்களுக்குள். திருப்பித் தர முயன்றதற்கான ஆதாரத்தை வங்கி கேட்கும், அதற்கும் அந்தக் கடிதம்தான். யுபிஐயில் போன பணத்துக்குக் கார்டு சார்ஜ்பேக் பொருந்தாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020ம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூடுதல் பலம்: விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று விதி 6(3) விற்பவருக்கு நேராகவே சொல்கிறது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஆணையத்தில்

மனு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போனது, சென்னையில் அல்ல. 1986ம் ஆண்டுச் சட்டத்தில் பொதுவாகக் கடை இருக்கும் இடத்தைத் தேடிப்போக வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் பிரிவு 34 புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலைபார்க்கும் ஊரிலேயே தாக்கல் செய்ய விடுகிறது. 42,000 ரூபாய்ச் சேலைக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலை வேலூருக்கு அனுப்பும் செலவைக் கடை கணக்குப் போடும். சமரசப் பேச்சு பல நேரம் இங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது.

கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கெடு இரண்டு வருடம். இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமலே வாதாடலாம்.

வக்கீல் இல்லாமல் தாங்களே மனுப் போடுபவர்கள் தடுக்கி விழும் இடம் எதிர்மனுதாரரின் பெயர். கடைப் பலகையில் இருக்கும் பெயர் சட்டப்படியான நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சட்டப்பெயர் ஒன்றும் வணிகப் பெயர் ஒன்றுமாக வரும். இந்தக் கடையின் பலகைப் பெயருக்குப் பின்னால் இருந்தது வேறு பெயரில் ஒரு கூட்டு நிறுவனம். மனுவில் இரண்டும் எழுதப்பட்டன. பலகைப் பெயரில் மட்டும் உத்தரவு வாங்கினால் நிறைவேற்றும் நேரத்தில் ‘அப்படி ஒரு நிறுவனமே இல்லை’ என்று நிற்பார்கள்.

கோரிக்கை: ரூ. 42,000, அதற்கு 9 சதவீத வட்டி, சோதனைக் கட்டணம், மன உளைச்சலுக்கு ரூ. 15,000, வழக்குச் செலவு ரூ. 5,000. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஐந்து லட்சம் கேட்கும் மனுக்கள் வருகின்றன. அவை பெரிய தொகையைக் கொண்டுவருவதில்லை, புகார்தாரரின் மேல் உள்ள நம்பிக்கையைத்தான் குறைக்கின்றன.

ஆணையம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே தீர்மானிக்கும். வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து வைத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63ன்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். செய்தி வந்த போனை மாற்றவோ, அரட்டையை அழிக்கவோ கூடாது.

எதிர்மனுதாரர் நோட்டீஸ் பெற்ற 30 நாளில் பதில் போட வேண்டும், மேலும் 15 நாள் நீட்டிக்கலாம். 45க்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020ல் உறுதிசெய்தது. கடை கடைசி வாரத்தில் பதில் போட்டது. அதில் சில்க் மார்க்கும் இல்லை, பில் வாசகமும் இல்லை. ஒரே வாதம்: இது எங்கள் சேலை அல்ல, மாற்றிக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

இந்த வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டுச்சேலையில் எண் அச்சடித்து நெய்வதில்லை. சீட்டுகளைக் கழற்றி வேறு சேலையில் கட்டலாம், கடையும் அதைத்தான் சொன்னது. சில்க் மார்க் எண் ஓரளவுக்கே தாங்கும். விற்பனையாளரின் வீடியோ இங்கேதான் வந்தது. அவர் முந்தியை விரித்து மெதுவாகக் காட்டியிருந்தார். முந்தியில் வரிசையாக யாளிகள். மூன்றாவது யாளியின் வாலில் ஒரு ஜரிகை இழை விட்டுப்போய், அரிசி அளவுக்கு அரக்கு நிறப் பட்டு எட்டிப் பார்த்தது. கைத்தறியில் இப்படி ஒரு பிசகு வரும், அதே இடத்தில் இன்னொரு சேலையில் வராது. வீடியோவிலிருந்து எடுத்த படமும் சேலையின் அதே இடத்துப் படமும், பக்கத்தில் ஒரு அளவுகோலுடன், ஒரே தாளில் ஆவணமாகப் போடப்பட்டன.

அதோடு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38ன்படி சேலையை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டு ஒரு மனு. சொந்தமாக எடுத்த எக்ஸ்ஆர்எஃப் சீட்டு தொடக்கத்துக்குப் போதும். கடை மறுத்தால், அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கைக்குத்தான் எடை. ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு அனுப்பும், ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும், கட்டணத்தைப் புகார்தாரர் முன்பணமாகக் கட்ட வேண்டும். எந்த ஆய்வகம் ஜரிகையில் உலோக விகிதம் பார்க்கும் என்பதை முன்பே விசாரித்து, பெயரை மனுவிலேயே எழுதுவது நல்லது. பட்டு இழையை மட்டும் பார்க்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டால், ‘சுத்தமான பட்டு’ என்ற அறிக்கை வந்து கடைக்கே பயன்படும்.

ஆய்வகம் வரை போகவில்லை. யாளிப் படத்தைப் பார்த்த அடுத்த வாய்தாவில் கடை வக்கீல் சமரசம் கேட்டார்.

சமரசக் குறிப்பில் எழுதியவை

சட்டத்தில் மத்தியஸ்தத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு. பிரிவு 37ன்படி ஆணையம் யோசனை சொன்னால் இருதரப்பும் ஐந்து நாளில் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை. இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டுக் குறிப்பை ஆணையம் பதிவு செய்து, அதன்படி உத்தரவிட்டது. ‘வெளியே பேசி முடிச்சுக்கலாம், கேஸை வாபஸ் வாங்குங்க’ என்ற யோசனையும் வந்தது. வாபஸ் வாங்கிய பிறகு பணம் வராவிட்டால் கையில் எதுவும் இருக்காது. உத்தரவாகப் பதிந்திருந்தால் பிரிவு 71ன் கீழ் நிறைவேற்றக் கேட்கலாம். மீறினால் பிரிவு 72 இருக்கிறது: ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ரூ. 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தொகை: ரூ. 42,000, சோதனைக் கட்டணம் முழுவதும், செலவுக்காக ரூ. 8,000. வட்டியும் மன உளைச்சலும் விட்டுக்கொடுக்கப்பட்டன. தவறை ஒப்புக்கொண்டதாக எழுத மாட்டோம் என்று கடை பிடிவாதம் பிடித்தது, அதற்கும் விட்டார்கள். விட்டுக்கொடுக்காதவை மூன்று. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே சேலை கைமாறும், அதுவும் ஆணைய வளாகத்தில், ரசீதுடன். 30 நாளில் பணம் வராவிட்டால் அந்தத் தேதியிலிருந்து 9 சதவீத வட்டி ஓடும். கடை வெளியிடும் கிரெடிட் நோட்டில் ‘ப்யூர் ஜரி’ என்ற பழைய விவரமே இருக்க வேண்டும், புதிதாக ‘ஹாஃப் ஃபைன்’ என்று திருத்திப் போடக் கூடாது.

பணம் கெடுவுக்கு முன்பே வந்தது. சேலையை வாங்க வந்த கடை ஊழியர் முதலில் எடை போட்டார், பிறகு முந்தியை விரித்து யாளியைத் தேடினார், அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். சீட்டுகளைச் சேலையோடு திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் இரு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பில்லின் அசல் மட்டும் ஆணையக் கோப்பிலேயே இருக்கிறது.